'மெலிஞ்சிட்டான்' என்ற சொல்லுக்குப் பின்னால் உள்ள வரலாறு

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். முன்பள்ளி வயதில் பிள்ளை உள்ள வீடுகளுக்கு அனுப்பியும் வையுங்கள்.

குண்டசாலையின் வரலாறு என்றால் நரேந்திரசிங்க மன்னனின் மாளிகையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவோம். 1707 முதல் 1739 வரை ஆண்ட அந்த மன்னனை 'குண்டசாலை ராஜா' என்றே அழைத்தார்கள். நான் இன்று எழுதுவது அரண்மனை வரலாறு அல்ல. நம் ஒவ்வொரு வீட்டு அலுமாரியிலும் இருக்கும் கிளினிக் புத்தகத்தின் வரலாறு. அதில் உள்ள நிறக் கோடுகளை நாம் எப்படி வாசிக்கப் பழகினோம், எதை வாசிக்காமல் விட்டோம் என்பதுதான் விஷயம்.

மூன்று வயதுப் பிள்ளையோடு ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். முதலில் வரும் கேள்வி, "என்ன, புள்ள மெலிஞ்சிட்டான்?" அந்த உம்மாவின் முகம் வாடிவிடும். அடுத்த நாளே பசி எடுக்க ஒரு சிரப், ஒரு பால்மா பெட்டி, ஒரு முட்டை கூடுதலாக. ஆனால் உடம்பு பெருத்த பிள்ளையைப் பார்த்து யாரும் கவலைப்படுவதில்லை. கன்னத்தைக் கிள்ளி "மாஷா அல்லாஹ், நல்ல புள்ள" என்போம். மெலிவைக் கண்டால் பயம், பருமனைக் கண்டால் நிம்மதி. இது நமக்கு எங்கிருந்து வந்தது?

இதை அறியாமை என்று சொல்லி உம்மும்மாமாரைக் குறை சொல்வது நியாயமில்லை. அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் எந்தளவு பெரியது என்று தெரிந்தால்தான், இன்று அதை எப்படி மாற்றுவது என்றும் விளங்கும்.

*1. நாலில் ஒரு குழந்தை*

1934இல் இலங்கையில் மழை பொய்த்தது. ஆறுகள் ஓட்டம் நின்று, மணலுக்கு நடுவே குட்டைகளாகத் தேங்கின. மலேரியாவைப் பரப்பும் நுளம்புக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அந்த வருடக் கடைசியில் தொடங்கிய காய்ச்சல் 1935இன் நடுப்பகுதி வரை நீடித்தது. ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். கேகாலையும் குருநாகலும் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டன. நம் கண்டி மாவட்டமும் தப்பவில்லை.

ஒரு இலக்கத்தை மட்டும் மனதில் வையுங்கள். 1935இல் உயிரோடு பிறந்த ஒவ்வொரு 1,000 குழந்தைக்கும் 263 குழந்தைகள் ஒரு வயதுக்கு முன் இறந்தன. நாலில் ஒன்றுக்கும் மேல்.

காய்ச்சல் மட்டும் அவர்களைக் கொல்லவில்லை. பசியில் வாடிய உடம்புகள்தான் முதலில் விழுந்தன. அதனால்தான் சூரியமல் இயக்கத் தொண்டர்கள் கிராமங்களுக்குப் போனபோது குயினைன் மருந்தோடு பருப்பையும் மார்மைட்டையும் கொண்டு போனார்கள். வெறும் வயிற்றில் மருந்து மட்டும் கொடுத்துப் பயனில்லை என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

அந்தக் காலத்து உம்மாவின் இடத்தில் நின்று பாருங்கள். நாலு பெற்று ஒன்றை அடக்கம் செய்தவள் அவள். கன்னத்தில் சதை உள்ள பிள்ளை அடுத்த காய்ச்சலைத் தாங்கும், எலும்பு தெரியும் பிள்ளை தாங்காது என்று தன் கண்ணால் பார்த்தவள். "கொழுத்த பிள்ளை நல்ல பிள்ளை" என்று அவள் சொன்னது அழகுக்காக அல்ல. அது அவள் அனுபவம். அவள் தன் மகளுக்குச் சொன்னாள், மகள் தன் மகளுக்குச் சொன்னாள். நாம் கேட்பது அந்தக் குரலைத்தான்.

*2. தராசு வந்த கதை*

1926 ஜூலையில் களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றம் அதற்கு உதவியது. ஒரு பகுதியை எல்லை வகுத்து, அங்குள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் சுகாதார ஊழியரும் மருத்துவிச்சியும் போக வேண்டும் என்ற ஏற்பாடு அது. நோய் வந்த பிறகு வைத்தியசாலைக்கு வா என்று சொல்லாமல், நோய் வர முன்பே வீட்டுப் படலையைத் தட்டுவது.

இன்று நாம் எம்.ஓ.எச். ஒபிஸ் என்று சொல்லும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை அந்த மரத்தின் கிளைதான். நம் வீட்டுக்கு வரும் மிட்வைஃப் மிஸ்ஸும் அந்த வழி வந்தவர்தான்.

பலன் கண்ணுக்குத் தெரிந்தது. 1945இல் 1,000க்கு சுமார் 140 ஆக இருந்த சிசு மரணம் 1950இல் 82 ஆகக் குறைந்தது. மலேரியாவுக்கு எதிராக டீ.டீ.டீ. தெளித்தது, இலவச வைத்தியசாலைகள், பெண் பிள்ளைகளின் படிப்பு, வீடு தேடி வந்த மருத்துவிச்சி எல்லாம் அதில் சேரும். இன்று அந்த எண் ஒற்றை இலக்கம் அளவுக்கு வந்துவிட்டது. நம்மைவிடப் பணக்கார நாடுகள் பல இதைக் கண்டு வியந்து எழுதியிருக்கின்றன.

இந்த வெற்றியில் தராசுக்கும் ஒரு பங்கு உண்டு. 1950களில் டேவிட் மோர்லி என்ற ஆங்கிலேய வைத்தியர் மேற்கு நைஜீரியாவின் இமேசி இலே என்ற கிராமத்தில் வேலை செய்தார். அங்கே அவர் தாய்மாருக்கு ஒரு அட்டையைக் கொடுத்தார். ஒவ்வொரு மாதமும் பிள்ளையை நிறுத்து, அதில் ஒரு புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோட்டால் இணைப்பது. கோடு மேலே போனால் நல்லது. கிடையாக நின்றால் கவனி. கீழே இறங்கினால் ஆபத்து. எழுத்து வாசிக்கத் தெரியாத தாய்க்கும் இது விளங்கியது. அந்த அட்டை உலகம் முழுக்கப் பரவியது. நம் கிளினிக் புத்தகத்தின் நிறக் கோடுகளும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த அட்டை உருவானது பசியைக் கண்டுபிடிக்க. அதன் கேள்வி, "பிள்ளை கீழே போகிறதா?" என்பது மட்டும்தான். "பிள்ளை அளவுக்கு மேலே போகிறதா?" என்று கேட்க அன்று யாருக்கும் தேவை இருக்கவில்லை.

*3. பணிஸ், கொத்து அரிசி, திரிபோஷா*

நம் நாட்டின் அரசியலே ஒரு காலத்தில் பிள்ளையின் தட்டைச் சுற்றித்தான் நடந்தது. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலையை அரசு 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியது. பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொடுத்த இலவச மதிய உணவையும் நிறுத்தியது. ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடே ஹர்த்தாலில் இறங்கியது. அந்த வருடமே பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். சோற்றில் கைவைத்தால் அரசு நிற்காது என்று எல்லாக் கட்சிகளும் அன்று படித்தன.

அதன் பிறகு பாடசாலைகளில் பணிஸும் பாலும் வந்தன. கெயார் என்ற அமெரிக்க நிவாரண நிறுவனம் உதவியது. இன்று அறுபது எழுபது வயதில் இருக்கும் நம் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பாடசாலையில் கிடைத்த பணிஸின் வாசனையை இன்னும் சொல்வார்கள். பலருக்கு அன்றைய முதல் சாப்பாடு அதுதான்.

1973, 1974 வருடங்கள் மறுபடியும் கஷ்டம். உலகச் சந்தையில் உணவு விலை ஏறியது, வெளிநாட்டுக் காசு இல்லை. பாணுக்கு வரிசை, மரவள்ளிக் கிழங்கில் நாள் கடந்தது. மலையகத் தோட்டங்களில் பசியால் உயிர்களே போயின. அந்த 1973இல்தான் திரிபோஷா தொடங்கியது. சக்தி, புரதம், நுண்சத்து என மூன்று போஷணை என்பதால் அந்தப் பெயர். முதலில் அமெரிக்காவிலிருந்து வந்தது. பிறகு இங்கேயே சோளத்தையும் சோயாவையும் சேர்த்துச் செய்தார்கள். நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணி, பாலூட்டும் தாய்மாருக்கும் என்று அது ஒதுக்கப்பட்டது.

ஆக, அரை நூற்றாண்டுக்கும் மேலாக அரசு, வைத்தியர், மிட்வைஃப், ஆசிரியர், உம்மும்மா எல்லோருக்கும் ஒரே வேலை. பிள்ளையின் கோட்டை மேலே தள்ளுவது. அது சரியான வேலை. அதனால்தான் நம்மில் பலர் இன்று உயிரோடு இருக்கிறோம்.

*4. டின் பால் சொல்லிக் கொடுத்த அழகு*

பசி ஒரு பக்கம் இருக்க, இன்னொரு பாடத்தை வியாபாரம் நமக்குக் கற்றுக் கொடுத்தது.

நியூசிலாந்தில் பாலை உலர்த்தித் தூளாக்கிய ஒரு கம்பனி அதற்கு கிளாக்ஸோ என்று பெயர் வைத்தது. 1913 அளவிலிருந்து அதன் விளம்பரத்தில் கொழுகொழுவென்ற ஒரு குழந்தை வரத் தொடங்கியது. பேரரசு எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் அந்தக் குழந்தையும் போனது. தமிழ்நாட்டில் பருமனான குழந்தையை 'கிளாக்ஸோ பேபி' என்று கொஞ்சுவது வழக்கமானது. பின்னர் 'அமுல் பேபி' என்றார்கள். ஒரு பால்மாவின் பெயர் ஆரோக்கியத்தின் பெயராகவே மாறியது. குழந்தைப் போட்டிகள் நடந்த இடங்களிலும் பரிசு பெரும்பாலும் கனத்த குழந்தைக்குத்தான் போனது.

இலங்கையில் 1977க்குப் பின் சந்தை திறந்தது. 1982இல் ரூபவாஹினி வந்தது. பால்மா விளம்பரம் வீட்டு மண்டபத்துக்குள் வந்து உட்கார்ந்தது. புட்டிப்பால் உலகெங்கும் தாய்ப்பாலைத் தள்ளிவிட்ட ஆபத்தைக் கண்டு 1981இல் உலக சுகாதார நிறுவனம் தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளின் விளம்பரத்துக்குக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டு வந்தது. இலங்கை அதை வேகமாக ஏற்று 1983இல் தன் சொந்த விதிக்கோவையை வர்த்தமானியில் வெளியிட்டது. இது நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம். நம் நாட்டில் இன்றும் பெரும்பாலான உம்மாமார் தாய்ப்பால் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு வருடம் பாலூட்டுவது நம் மார்க்கத்திலும் உள்ள விஷயம்தான், அதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் கைக்குழந்தைக்கு விளம்பரம் செய்ய முடியாதபோது வியாபாரம் அடுத்த வயதுக்கு நகர்ந்தது. "வளரும் பிள்ளைக்கு", "மூளைக்கு", "உயரத்துக்கு" என்று பெட்டிகள் வந்தன. முன்பள்ளி வயது அவர்களின் சந்தையானது.

*5. அளவுகோலிலேயே இருந்த பிழை*

இந்தக் கதையில் எனக்கு மிகவும் ஆச்சரியமான பகுதி இதுதான். பிள்ளையின் நிறை சரியா என்று பார்க்க ஒரு அளவுகோல் வேண்டும். 1970களின் இறுதியிலிருந்து உலகம் முழுக்கப் பாவித்த அளவுகோல் அமெரிக்கப் பிள்ளைகளை அளந்து செய்தது. அதிலும் மூன்று வயதுக்கு உட்பட்ட பகுதி ஒஹாயோ மாநிலத்தின் யெல்லோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊரைச் சுற்றி இருந்த பிள்ளைகளின் அளவு. 1929 முதல் 1975 வரை எடுத்தது. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் புட்டிப்பால் குடித்து வளர்ந்தவர்கள்.

புட்டிப்பால் குடிக்கும் பிள்ளையும் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையும் ஒரே மாதிரி நிறை கூடுவதில்லை. தாய்ப்பால் பிள்ளை முதல் இரண்டு மூன்று மாதம் வேகமாக வளரும், பிறகு கொஞ்சம் மெதுவாகும். அது அதன் இயல்பு. ஆனால் பழைய அளவுகோலில் வைத்துப் பார்த்தால் மூன்று நாலு மாதத்தில் 'கோடு சரிகிறது' என்று தெரியும். உம்மா பயந்து போவாள். "பால் போதவில்லை போல" என்று பால்மா தொடங்குவாள். நல்ல பிள்ளையை மெலிந்த பிள்ளையாக அளவுகோலே காட்டியது.

இதைத் திருத்த 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பிரேசிலின் பெலோட்டாஸ், கானாவின் அக்ரா, இந்தியாவின் டில்லி, நோர்வேயின் ஒஸ்லோ, ஓமானின் மஸ்கட், அமெரிக்காவின் டேவிஸ். சுமார் 8,500 பிள்ளைகள். தாய்ப்பால் குடித்து, புகைக்காத தாய்க்குப் பிறந்து, நல்ல சூழலில் வளர்ந்தவர்கள். ஐந்து வயது வரை கறுப்பு, வெள்ளை, அரபு, இந்தியப் பிள்ளைகள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வளர்ந்தார்கள். வசதியும் உணவும் சமமாக இருந்தால் வளர்ச்சியும் சமம். 2006இல் வெளியான அந்த அளவுகோல்தான் இன்று நம் கிளினிக் புத்தகத்தில் இருக்கிறது.

புதிய அளவுகோல் இன்னொன்றையும் செய்தது. பருமன் எங்கே தொடங்குகிறது என்று தெளிவாகக் காட்டியது. வயதுக்கு ஏற்ற நிறை என்ற ஒரு கோடு மட்டும் போதாது. உயரத்துக்கு ஏற்ற நிறை என்ற கோட்டையும் பார்க்க வேண்டும். உதாரணமாக 100 செ.மீ. உயரமுள்ள ஆண் பிள்ளையின் நடுத்தர நிறை சுமார் 15½ கிலோ. அது 18 கிலோவைத் தாண்டிப் போனால் மிட்வைஃபோடு பேச வேண்டிய நேரம். கண்ணுக்கு அது 'குண்டாக' தெரியாது. 'நல்ல புள்ள' என்றுதான் தெரியும்.

*6. மெலிய வேண்டிய வயது*

1984இல் பிரான்ஸைச் சேர்ந்த ரோலண்ட் கஷேரா என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். குழந்தை முதல் வருடம் கொழுக்கும். பிறகு நடக்கத் தொடங்கி ஐந்து ஆறு வயது வரை உயரத்தோடு ஒப்பிடுகையில் மெலிந்துகொண்டே வரும். அதன் பிறகுதான் உடம்பில் மறுபடி சதை பிடிக்கும். அந்தத் திருப்பம் ஆறு வயதளவில் வராமல் நாலு வயதிலேயே வந்துவிட்டால், வளர்ந்த பிறகு பருமனாகும் வாய்ப்பு கூடுகிறது.

அதாவது முன்பள்ளி வயது, அல்லாஹ் படைத்த விதத்திலேயே, மெலிந்து உயரும் வயது. இந்த வயதில் ஒரு பிள்ளை வருடத்துக்கு சுமார் 2 கிலோ கூடி, ஆறேழு சென்ரிமீற்றர் உயரும். அவ்வளவுதான். ஒரு வயதில் இருந்த கன்னம் நாலு வயதில் இருக்காது. "மெலிஞ்சிட்டான்" என்று நாம் பதறுவது சரியாக இந்த இயல்பான மாற்றத்தைப் பார்த்துத்தான். பதறி ஊட்டுகிறோம். உடம்பு மெலிய வேண்டிய நேரத்தில் அதைத் தடுக்கிறோம்.

நம் தெற்காசியப் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். பூனாவைச் சேர்ந்த வைத்தியர் சித்தரஞ்சன் யாஜ்னிக் அங்கே பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டார். இந்தியக் குழந்தை சராசரியாக 2.7 கிலோ, ஆங்கிலக் குழந்தை 3.5 கிலோ. ஆனால் அந்தச் சிறிய உடம்பில் குறைந்திருந்தது தசையும் உறுப்புகளும்தான், கொழுப்பு அந்தளவு குறையவில்லை. வெளியே மெலிவு, உள்ளே கொழுப்பு. இப்படிச் சிறிதாகப் பிறந்து பின்னர் வேகமாகப் பருத்தவர்களுக்கு நீரிழிவும் இருதய நோயும் கூடுதலாக வருவதை டேவிட் பார்க்கர் என்ற ஆங்கில வைத்தியரின் வழி வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் குடும்பங்களில் நாற்பது வயதிலேயே எத்தனை பேர் சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வேறு ஆதாரம் தேட வேண்டியதில்லை.

*7. ஒரே ஊரில் இரண்டு பிள்ளைகள்*

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தப் பதிவை வாசித்துவிட்டு யாரும் பிள்ளையின் சோற்றைக் குறைக்க வேண்டாம்.

2016இல் நடந்த நாட்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 15.1 வீதத்தினர் உயரத்துக்கு நிறை குறைந்தவர்கள். 17.3 வீதத்தினர் வயதுக்கு உயரம் குறைந்தவர்கள். நிறை கூடியவர்கள் 2 வீதம் மட்டுமே. அதன் பிறகு 2022 நெருக்கடியும் வந்தது. மெலிவுதான் இன்னும் நாட்டின் பெரிய பிரச்சினை. ஆனால் நாட்டின் சராசரி ஒவ்வொரு வீட்டின் கதையும் அல்ல. கடையும் வாகனமும் போனும் உள்ள வீடுகளில் கதை மாறிவிட்டது. உலகில் 2022இல் ஐந்து வயதுக்குட்பட்ட 3 கோடியே 70 இலட்சம் பிள்ளைகள் நிறை கூடியவர்கள். அவர்களில் பெரும் பகுதியினர் ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் இருக்கிறார்கள்.

ஆகவே நாம் இரண்டு கண்ணாலும் பார்க்கப் பழக வேண்டும். திரிபோஷா தேவைப்படும் பிள்ளைக்கு அது கட்டாயம் போய்ச் சேர வேண்டும். தேவைப்படாத பிள்ளைக்கு 'சத்து' என்று கூடுதலாக ஊட்டக் கூடாது. எந்தப் பிள்ளை எது என்று கல்யாண வீட்டில் முடிவு செய்ய முடியாது. தராசும் உயரம் அளக்கும் பலகையும்தான் சொல்லும்.

பிரச்சினை என்னவென்றால் சரியாக இந்த வயதில்தான் நாம் தராசை விட்டு விலகுகிறோம். ஒன்றரை வயது ஊசி முடிந்ததும் அடுத்த ஊசி மூன்று வயதில், பிறகு ஐந்தில். இரண்டு வயது வரை மாதா மாதம் நிறுத்த பிள்ளையை அதன் பின் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது நிறுக்க வேண்டும். ஊசி இல்லையே என்று பலர் போவதில்லை. தரம் ஒன்றுக்குப் பிள்ளை வரும்போது புத்தகத்தை வாங்கிப் பார்த்தால் நடுவில் மூன்று வருடம் வெறுமையாக இருக்கும். ஆசிரியையாக நான் மறுபடி மறுபடி பார்ப்பது இதைத்தான்.

*8. வீட்டில் என்ன செய்யலாம்?*

இதற்கும் வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது. களுத்துறையில் சுகாதாரப் பிரிவு தொடங்கிய அதே 1926இல் அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்ற பெண் வைத்தியர் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். பால் மறக்கும் வயதுக் குழந்தைகள், மொத்தம் 15 பேர். 34 வகை உணவுகளைத் தெரிவு செய்து, ஒவ்வொரு வேளையும் அதில் சிலவற்றை முன்னால் வைப்பார்கள். யாரும் ஊட்டுவதில்லை, கெஞ்சுவதில்லை. பிள்ளை எதைக் காட்டுகிறதோ, எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு. ஒரு நாள் முட்டையாகத் தின்னும், இன்னொரு நாள் பழமாகத் தின்னும். எல்லோரும் நன்றாக வளர்ந்தார்கள்.

இதில் ஒரு இரகசியம் இருந்தது. அதை டேவிஸே சொன்னார். அந்த 34இல் சீனி போட்ட எதுவும் இல்லை, பெட்டியில் வந்த எதுவும் இல்லை. பழம், மரக்கறி, இறைச்சி, மீன், தானியம், பால், முட்டை. பெரியவர்கள் தட்டில் வைப்பதைத் தெரிவு செய்தார்கள், பிள்ளை அளவைத் தெரிவு செய்தது. இன்றும் பிள்ளை உணவு பற்றிப் பேசும் நிபுணர்கள் சொல்வது இதுதான். என்ன, எப்போது, எங்கே என்பது உம்மா வாப்பாவின் பொறுப்பு. எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு.

இதை நம் வீட்டுக்குக் கொண்டு வந்தால்:

- கிளினிக் புத்தகத்தை எடுத்துப் போய் மூன்று மாதத்துக்கு ஒரு முறை நிறையும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை உயரமும் எடுங்கள். உயரத்துக்கு ஏற்ற நிறை எந்த நிறத்தில் இருக்கிறது என்று மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேளுங்கள்.

- நிறை கூடிய பிள்ளைக்குப் பட்டினி, 'டயட்', மெலிய வைக்கும் மருந்து எதுவும் வேண்டாம். இந்த வயதில் பெரும்பாலும் நிறையைக் குறைக்கத் தேவையில்லை. கூடும் வேகத்தை மெதுவாக்கினால் போதும், பிள்ளை உயரமாகி உயரமாகி அந்த நிறைக்குப் பொருந்திவிடும். மிக அதிகமாக இருந்தால் வைத்தியர் வழி காட்டுவார்.

- முதலில் கை வைக்க வேண்டியது குடிபானங்களில். 2016 ஆகஸ்டிலிருந்து நம் நாட்டுக் குளிர்பானப் போத்தல்களில் நிற அடையாளம் இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு. 200 மில்லிலீற்றர் சிவப்புப் பானத்தில் 22 கிராமுக்கு மேல், அதாவது ஐந்து தேக்கரண்டிக்கும் கூடுதல். முன்பள்ளிப் பிள்ளைக்கு ஒரு முழு நாளுக்கு நாலு தேக்கரண்டிக்குள் இருப்பது நல்லது. ஒரு சின்னப் போத்தலிலேயே கணக்கு முடிந்துவிடும். சீனி போட்ட பால் தேநீரையும் இதில் சேர்த்துக் கொள்ளுங்கள்.

- இரண்டு வயதுக்குப் பிறகு பால் ஒரு உணவு, முழு உணவல்ல. நாளுக்கு இரண்டு கோப்பை போதும். போத்தலில் பால் குடித்துக்கொண்டு தூங்கும் பழக்கத்தை நிறுத்துங்கள்.

- போனைக் காட்டி ஊட்ட வேண்டாம். திரையைப் பார்க்கும் பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரியாது. 2 முதல் 4 வயதுக்கு நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. மூன்று மணித்தியாலம் அசைவும் ஓட்டமும், 3, 4 வயதில் 10 முதல் 13 மணித்தியாலத் தூக்கமும் வேண்டும் என்றும் சொன்னது.

- தட்டைக் காலி செய்யச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். வீணாக்கக் கூடாது என்றால் முதலில் குறைவாக வையுங்கள், கேட்டால் மறுபடி வையுங்கள்.

- பரிசாக இனிப்புக் கொடுக்க வேண்டாம். வாப்பும்மாவும் அப்பாவும் பேரனைக் காண வரும்போது பிஸ்கட் பெட்டிக்குப் பதிலாக கொய்யா, பப்பாசி, அவித்த கடலை கொண்டு வரலாம். பாசத்தைக் குறைக்கச் சொல்லவில்லை, பையில் உள்ளதை மாற்றச் சொல்கிறேன்.

- முழு வீடும் ஒன்றாக மாற வேண்டும். அண்ணனுக்குச் சோடா, தம்பிக்குத் தண்ணீர் என்றால் அது தண்டனையாகிவிடும்.

- எந்தப் பிள்ளையையும் 'குண்டன்', 'தடியன்', 'ஈர்க்கில்' என்று கூப்பிட வேண்டாம். விளையாட்டுக்குக்கூட வேண்டாம். நாம் வைத்த பெயரை வகுப்பறையில் மற்றப் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். அதன் பிறகு அந்தப் பிள்ளை விளையாட்டு நேரத்தில் மூலையில் உட்கார்ந்துவிடும். ஓடாத பிள்ளை இன்னும் பருக்கும்.

*9. ஊராக என்ன செய்யலாம்?*

1926இல் களுத்துறையில் செய்தது வீட்டைத் தேடிப் போனது. நாமும் அதைச் செய்யலாம். நம் பகுதி முன்பள்ளிகளின் பெற்றோர் குழுக்கள் எம்.ஓ.எச். பணிமனையோடு பேசி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை முன்பள்ளியிலேயே நிறையும் உயரமும் எடுக்க ஏற்பாடு செய்ய முடியும். எல்லாப் பிள்ளையும் அங்கே இருக்கும். நிறை குறைந்த பிள்ளையும் தெரியவரும், கூடிய பிள்ளையும் தெரியவரும். இருவருக்கும் ஒரே தராசு. அளவை உம்மாவிடம் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், சத்தம் போட்டு வாசிக்கக் கூடாது.

பிறந்தநாளுக்கு முன்பள்ளிக்குக் கொடுக்கும் இனிப்புப் பைகளுக்குப் பதிலாகப் பழம் என்று ஒரு தீர்மானம் எடுக்கலாம். பள்ளிவாசல் நிர்வாகங்களும் மத்ரஸாக்களும் பிள்ளைகளுக்குப் பங்கிடும்போது சிவப்பு அடையாளப் பானத்தைத் தவிர்க்கலாம். பின்னேரம் சின்னப் பிள்ளைகள் ஓடி விளையாட பாடசாலை மைதானத்தைத் திறந்து வைக்க முடியுமா என்று பேசலாம். இவற்றுக்குப் பெரிய செலவில்லை.

நம் மூத்தவர்கள் பசியோடு போராடினார்கள். கொத்து அரிசிக்காகத் தெருவில் இறங்கினார்கள், மிட்வைஃபை வீட்டுக்குள் வரவழைத்தார்கள், பிள்ளையின் கோட்டை மேலே தூக்கினார்கள். அதே கோட்டின் மறு பக்கத்தையும் கவனிக்கும் பொறுப்பு நம் தலைமுறைக்கு வந்திருக்கிறது. அவர்கள் செய்ததற்கு எதிரான வேலை அல்ல இது. அவர்கள் தொடங்கியதன் தொடர்ச்சி.

இன்று இரவு அலுமாரியைத் திறந்து கிளினிக் புத்தகத்தை எடுங்கள். கடைசியாகப் புள்ளி வைத்த திகதியைப் பாருங்கள். மூன்று மாதம் தாண்டியிருந்தால் அடுத்த கிளினிக் நாளுக்குப் பிள்ளையைக் கூட்டிப் போங்கள். உங்கள் முன்பள்ளியில் நிறை எடுக்க ஏற்பாடு செய்ய விரும்புபவர்கள் கீழே பெயரைப் போடுங்கள், சேர்ந்து பேசுவோம்.